சுமோ: ஏணியில் ஏறுவோரும் இறங்குவோரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

'சுமோ' என்றவுடன் நம்மில் பலருக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பருத்த உடல், இடுப்பில் ஒரு கச்சை, தலையில் ஒரு கொண்டை! இரண்டு யானைகள் முட்டிக்கொள்ளும் வேடிக்கை என்றே நானும் எண்ணியிருந்தேன். அந்தக் கொண்டைக்குப் பின்னே எத்துணைக் கடுமையான வாழ்க்கை இருக்கிறது என்று அறிந்தபின் சிரிப்பு மறைந்தது. அதைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகிறேன்.

ஆட்டத்தின் விதி எளியது. களிமண்ணை இடித்துக் கெட்டித்த மேடை. அதில் வைக்கோல் கட்டுகள் பதித்த, 4.55 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம். வட்டத்துக்கு வெளியே கால் வைத்தவன் தோற்றான். உள்ளங்கால் தவிர உடலின் வேறெந்தப் பகுதி தரையில் பட்டாலும் தோற்றான். எடைப் பிரிவு என்பதே கிடையாது. நூறு கிலோ மனிதன் நூற்றைம்பது கிலோ மனிதனோடு மோத நேரலாம். அவனைச் சாய்த்துவிடவும் கூடும். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும் பொருளைக் கவிழ்ப்பது கடினம் என்று நாம் வகுப்பறையில் உட்கார்ந்து படித்ததை, அவர்கள் நாள்தோறும் குந்தி எழுந்து குந்தி எழுந்தே கற்கிறார்கள்!

மல்லனாக விரும்பும் இளைஞன் 'ஹெயா' எனப்படும் ஒரு கூடத்தில் சேர வேண்டும். கூடத்தின் தலைவர் ஒரு முன்னாள் மல்லர். அவரே ஆசான், அவரே தந்தை. விடியற்காலையில் எழுந்து, வெறும் வயிற்றோடு பயிற்சி தொடங்கும். பகலில்தான் முதல் உணவு. இறைச்சி, மீன், காய்கறி எல்லாம் ஒரே பானையில் வேகும் 'சாங்கோ' அது. உண்டவுடன் உறக்கம். உடல் பருப்பதன் இரகசியம் இவ்வளவுதான். ஆனால் அந்தச் சாங்கோவைச் சமைப்பவன் யார்? புதிதாகச் சேர்ந்த பையன்தான். சமைத்துப் பரிமாறி, மூத்தவர்கள் உண்டு முடித்தபின் மிஞ்சியதை அவன் உண்பான். குளிப்பதிலும் இதே வரிசை. குளிர்காலத்திலும் மெல்லிய பருத்தி அங்கிதான் அவனுக்கு உடை.

இத்தனைக்கும் ஊதியம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஊதியமே இல்லை! தொழில்முறை மல்லர்கள் ஏறத்தாழ அறுநூறு பேர். அவர்கள் ஆறு பிரிவுகளாக அடுக்கப்பட்டிருக்கிறார்கள். மேல் பிரிவில் 42 பேர், அடுத்ததில் 28 பேர். இந்த எழுபது பேருக்கு மட்டுமே மாத ஊதியம். 2019இல் உயர்த்தப்பட்ட கணக்குப்படி இரண்டாம் பிரிவினருக்கு 11 லட்சம் யென்; 'யோகோசுனா' என்னும் உச்ச நிலையில் இருப்பவருக்கு 30 லட்சம் யென். எழுபத்தோராவது ஆளுக்கோ, போட்டித் தொடர்தோறும் கிடைக்கும் சிறு உதவித்தொகை மட்டுமே. எழுபதுக்குள் வந்தவனுக்குப் பணிவிடை செய்ய ஆள் உண்டு. போட்டிக்குப் பட்டுக் கச்சை உண்டு. வெளியில் இருப்பவனுக்குக் கறுப்புப் பருத்திக் கச்சைதான்.

ஆண்டுக்கு ஆறு தொடர்கள். மேலிரு பிரிவினரும் ஒவ்வொன்றிலும் பதினைந்து நாள் மோத வேண்டும். எட்டு வெற்றி பெற்றால் ஏற்றம். ஏழோடு நின்றால் இறக்கம். ஒவ்வொரு தொடருக்கும் முன்பு 'பன்சுகே' என்னும் பெயர்ப் பட்டியல் வெளியாகும். நடுவர்கள் தூரிகையால் கையாலேயே எழுதுவது அது. மேலே இருப்பவர்களின் பெயர்கள் தடித்துப் பெரியனவாக இருக்கும். கீழே இறங்க இறங்க எழுத்து மெலிந்துகொண்டே போய், அடிவரிசையைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கும்.

இந்தப் பட்டியலின் உச்சி வரை ஏறி, அடி வரை சரிந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தெருனோஃபுஜி. 1991இல் மங்கோலியாவில் பிறந்தவர். பள்ளி மாணவராக ஜப்பான் வந்து, 2011இல் களம் இறங்கினார். 2015 மே மாதம் மேல் பிரிவில் வாகை சூடி, யோகோசுனாவுக்கு அடுத்த நிலையாகிய 'ஓசெகி' ஆனார். அதன்பின் முழங்கால்கள் கைவிட்டன. நீரிழிவும் சேர்ந்துகொண்டது. 2017இல் ஓசெகி நிலை போயிற்று. 2018இல் ஊதியமும் போயிற்று. முழங்கால்களில் அறுவை செய்துகொண்டு, தொடர் தொடராகக் களம் இறங்காமல் கிடந்தார். களம் இறங்காதவன் பட்டியலில் தானே கீழே போவான். மல்யுத்தத்தையே விட்டுவிடுகிறேன் என்று ஆசானிடம் ஒருமுறையல்ல, பலமுறை சொன்னார். ஆசான் இசெகஹமா, ஒரு காலத்தில் அசாஹிஃபுஜி என்ற பெயரில் யோகோசுனாவாக விளங்கியவர். முதலில் உடலைச் சரிசெய், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அவர் விடை தர மறுத்துவிட்டார்.

இங்கே என் கதையையும் இரண்டு வரி சொல்ல அனுமதியுங்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. முதலாண்டுத் தேர்வு முடிவை ஒட்டிய நாளில், கணிதத் தாளில் தேறியவர் வரிசையில் என் எண் இல்லை. மூன்று முறை மேலிருந்து கீழாகத் தேடினேன். ஊருக்குப் போய், "படிப்பு வேண்டாம்பா, உங்ககூட வேலைக்கு வந்துடறேன்" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் பேருந்துக்குக் காசு எடுத்து வைத்திருந்தார். அதனால்தானோ என்னவோ, தெருனோஃபுஜியின் கதையில் அந்த ஆசான் மறுத்த இடத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

2019 மார்ச், ஒசாகா நகரம். தெருனோஃபுஜி மீண்டும் களம் இறங்கியது அடியிலிருந்து இரண்டாவது பிரிவில்! அந்தப் பிரிவின் போட்டிகள் காலையிலேயே, பெரும்பாலும் காலி இருக்கைகளின் முன்னே நடப்பவை. மாலையில் பல்லாயிரம் பேர் ஆர்ப்பரிக்கப் பட்டுக் கச்சையோடு நின்றவர், பருத்திக் கச்சையோடு புதுப் பையன்களுக்கு எதிரே குந்தினார். வெட்கமாக இருந்திராதா? ஏழு போட்டிகள், ஏழிலும் வென்றார்.

ஏணி மறுபடியும் தொடங்கியது. 2020 ஜனவரியில் ஊதியம் பெறும் பிரிவு. அதே ஆண்டு ஜூலையில் மேல் பிரிவின் கடைக்கோடி இடம். அங்கிருந்தே 13 வெற்றி, 2 தோல்வி என்று வாகை சூடினார். முதல் வாகைக்கும் இதற்கும் இடையே ஐந்து ஆண்டுகள்! 2021 மார்ச்சில் மீண்டும் வென்று, மீண்டும் ஓசெகி. ஜூலைத் தொடர் முடிந்ததும் 73ஆவது யோகோசுனா. ஓசெகியாக இருந்து அத்துணை ஆழத்துக்குச் சரிந்தவர் எவரும் அதற்கு முன் மேல் பிரிவுக்குத் திரும்பியதில்லை.

யோகோசுனாவுக்கு ஒரு விந்தையான நெருக்கடி உண்டு. அவரைக் கீழே இறக்க விதியில்லை. வெல்ல முடியாவிட்டால் விலக வேண்டும், அவ்வளவுதான். அந்த முழங்கால்களோடு, பல தொடர்களைத் தவறவிட்டும், மொத்தம் பத்து முறை வாகை சூடியபின், 2025 ஜனவரியில் தெருனோஃபுஜி விலகினார்.

கூடத்துத் தலைவர்களுக்கு 65 வயதில் ஓய்வு. அந்த வயதை நெருங்கிய ஆசான், 2025 ஜூன் மாதம் தம் கூடத்தையும் இசெகஹமா என்னும் பெயரையும், ஒரு காலத்தில் தம்மிடம் விடை கேட்டு நின்ற அந்த மாணவரிடமே ஒப்படைத்தார்.