ஜனவரிக் கடற்கரையில் பறவைக் கணக்கு

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கியது. 1967 முதல் நடந்துவரும் உலகளாவிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஒரு பகுதி அது. பழவேற்காடு ஏரி, கோடியக்கரை, மன்னார் வளைகுடா, கடலுக்கு அப்பால் இலங்கையின் மன்னார்க் கரை எங்கும் ஆண்டுதோறும் ஜனவரியில் பறவைகள் எண்ணப்படுகின்றன. எண்ணுபவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

ஜனவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் வலசைக் கூட்டங்கள் நகர்ந்தபடியே இருக்கும். இன்று இங்கே இறங்கியது நாளை தெற்கே போய்விடும். மார்ச்சில் திரும்பும் பயணம் தொடங்கிவிடும். இடைப்பட்ட ஜனவரியில்தான் பறவைகள் ஓரிடத்தில் தங்குகின்றன. ஏறக்குறைய ஒரே காலத்தில் எல்லா இடங்களிலும் எண்ணினால், ஒரே பறவை இரண்டு கணக்கில் விழுவதும் குறைகிறது.

எண்ணும் வேலை ஓதத்தை அறிவதில் தொடங்குகிறது. தமிழகக் கரையில் நீர் ஏற்றம் பெரிதில்லை. ஆனால் தட்டையான சேற்றுப்படுகையில் ஓரடி நீர் ஏறினாலே பறவைகளுக்கு நிற்க இடமில்லை. வற்றத்தில் கண்ணுக்கு எட்டாத தொலைவு வரை சிதறி மேயும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும், ஏற்றத்தில் மணல்திட்டுகளிலும் உப்பள வரப்புகளிலும் நெருக்கியடித்து ஒதுங்கும். எண்ண அதுவே நேரம். வெயில் முதுகுப்பக்கம் விழும்படி நின்று, முக்காலியில் டெலஸ்கோப்பைப் பொருத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்துகிறார்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் குறித்துக்கொள்கிறார்.

நூறு பூநாரைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். சுமார் 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளான்கள் ஐயாயிரம் ஒரே திட்டில் நின்றால் அது நடக்காது. அப்போது முதலில் ஐம்பதை எண்ணி, அந்தக் கூட்டம் அடைக்கும் இடத்தின் அளவை மனத்தில் வாங்கிக்கொண்டு, முழுத் திட்டிலும் அப்படி எத்தனை இடங்கள் உள்ளன என்று பார்க்கிறார்கள். பைரி ஒன்று மேலே பறந்துவிட்டால் கூட்டமே எழும்பிவிடும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். இனம் தெரியாத பறவையை ஊகித்து எழுதுவது தவறு. ‘அடையாளம் தெரியாத சிறு உள்ளான்’ என்று எழுதுவதே நேர்மையான பதிவு. பறவையே இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை என்பது தேடவே இல்லை என்பதிலிருந்து வேறான செய்தி.

பெரிய கூட்டங்களை மனிதக் கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். ஆயினும் இந்தக் கணக்கு வீணல்ல. அதே இடத்தில், அதே முறையில், அதே மாதத்தில் பல ஆண்டுகள் எண்ணும்போது, பிழை ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் ஏற்றஇறக்கம் தெளிவாகவே தெரியும். ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது.

வளைமூக்கு உள்ளான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சைபீரியத் துந்திரப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் பறவை அது. அங்கே லெம்மிங் என்னும் எலியினம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகித் திடீரெனக் குறையும். குறைந்த ஆண்டில் பசித்த துருவ நரிகள் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடும். அந்தக் குளிர்காலத்தில் தென் கரைகளுக்கு வரும் இளம் பறவைகள் மிகக் குறைவு. அதை வைத்து உள்ளூர்க் கழிமுகம் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. மாறாக, நீண்டகாலக் கணக்குகள் தொடர்ந்து இறங்கினால் அது மெய்யான வீழ்ச்சி. 2024-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இப்பறவையின் அபாயநிலை ஒரு படி உயர்த்தப்பட்டது.

சட்டப் பாதுகாப்புக்கும் இந்த எண்களே துணை. 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் அளவுகோல்களில் ஒன்று, ஒரு நீர்ப்பறவைத் தொகையில் 1 சதவீதத்துக்குத் தொடர்ந்து இடமளிக்கும் ஈரநிலம் பன்னாட்டு முக்கியத்துவம் உடையது என்கிறது. மொத்தத் தொகை ஒரு லட்சமானால் ஆயிரம் பறவைகள் போதும். ஆனால் யாராவது எண்ணியிருக்க வேண்டும். கோடியக்கரை 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பெயர்பெற்ற சரணாலயங்களுக்கு எண்ணுபவர்கள் எளிதில் கிடைக்கிறார்கள். அவற்றுக்கு வெளியே உள்ள உப்பளங்களுக்கும் சிறு முகத்துவாரங்களுக்கும்தான் ஆள் வேண்டும். ஒரு பைனாகுலர், ஒரு குறிப்பேடு, பறவைகளை அறிந்த ஒருவரின் துணை இருந்தால் கடலோர ஊர்க்காரர் யாரும் தம் ஊர்க் கழிமுகத்தை ஏற்றுக்கொண்டு, வரும் ஜனவரியிலேயே எண்ணத் தொடங்கலாம்.