கோளாறு சக்கரத்திலா, தண்டவாளத்திலா?

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் வழுக்கினால், தேய்ந்த இடம் தட்டையாகிவிடும். அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டவாளத்துக்கு ஓர் அடி. இந்தியப் பயணிகள் பெட்டியின் புதுச் சக்கரம் 915 மி.மீ. விட்டம் கொண்டது, சுற்றளவு சுமார் 2.87 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 10 அடிகள்.

அச்சின் முனையில் பொருத்திய முடுக்கமானி இதைப் பதிவு செய்கிறது. அதனுள் இருக்கும் படிகம், குலுங்கி அழுத்தப்படும்போது மின்னூட்டம் தரும். அந்த மின்சமிக்ஞையைக் கணினி அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. தண்டவாளம் 5 செ.மீ. இடைவெளியில் அலையலையாகத் தேய்ந்திருந்தால், அதே வேகத்தில் நொடிக்குச் சுமார் 555 அதிர்வுகள் வரும்.

வண்டி எங்கே போனாலும் அடி தொடர்ந்தால், கோளாறு சக்கரத்தில். எந்த வண்டி போனாலும் அதே இடத்தில் குலுங்கினால், தண்டவாளத்தில். இந்த முறையில் என்னை மிகவும் கவர்வது இந்த எளிய தர்க்கம்தான்.

அச்சைத் தாங்கும் பேரிங்கில் சிறு செதில் பெயர்ந்தாலும், சூடு ஏறுவதற்கு வெகு முன்பே அதிர்வு மாறிவிடும். சூட்டை மட்டும் நம்பியிருந்தால், பழுது தெரியும்போது காலம் கடந்திருக்கலாம்.

ஆனால் உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் நுண்விரிசல் அதிர்வைப் பெரிதாக மாற்றாது. அதற்கு மீயொலிச் சோதனைதான் வேண்டும்.