நாளைய காற்று எவ்வளவு?

மின்சாரத்தை வாங்கி விற்பவர்கள் ஒரு நாளை 96 துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். துண்டு ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம். ‘டைம் பிளாக்’ என்பது அவர்கள் வழக்கு. அனல்மின் நிலையமோ காற்றாலையோ, நாளை ஒவ்வொரு துண்டிலும் எத்தனை மெகாவாட் தரப்போகிறோம் என்பதை இன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பட்டியலை ஒரு பக்கமும், மாநிலத்துக்கு நாளை எவ்வளவு தேவைப்படும் என்ற மதிப்பீட்டை மறுபக்கமும் வைத்துக்கொண்டு மின்சுமை பகிர்வு மையத்தில் கணக்கை நேர்செய்கிறார்கள். உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி ஒத்துப்போனால்தான் மின் கட்டமைப்பின் அலைவெண் 50 ஹெர்ட்ஸை விட்டு விலகாமல் நிற்கும்.

நிலக்கரி எரிப்பவருக்கு இந்தப் பட்டியல் எழுதுவது எளிது. கிடங்கில் கரி இருக்கிறது, கொதிகலனில் பழுதில்லை என்றால் நாளை மாலை ஆறேகால் மணிக்கு எவ்வளவு என்று இன்றே சொல்லிவிடலாம். முப்பந்தலில் காற்றாலை வைத்திருப்பவர் என்ன எழுதுவார்? அவருடைய எரிபொருள் இந்நேரம் அரபிக்கடலுக்கு மேலே எங்கோ வந்துகொண்டிருக்கிறது.

அதுவும் லேசில் பிடிபடாத எரிபொருள். காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும் என்று கணித்து, 7.2 மீட்டர்தான் வீசியது என்று வையுங்கள். வேகத்தில் பிழை பத்து விழுக்காடுதான். மின்சாரத்திலோ கால் பங்குக்கு மேல் குறைந்துபோகும். வெளியே கிளம்பும்போது குடை எடுக்கலாமா என்று பார்க்கிற நமக்கு அந்தப் பிழை கண்ணில்கூடப் படாது. 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவியிருக்கும் தமிழ்நாட்டுக்கு அது ஓர் அனல்மின் நிலையம் திடீரென்று நின்றுபோவதற்குச் சமம்.

தூய ஆற்றல் என்று பேச்செடுத்தால் விசிறியும் பேனலும் பேட்டரியும்தான் பேசப்படுகின்றன. காற்றை அளப்பவர்களையும் வெயிலைக் கணிப்பவர்களையும் யாரும் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. எந்த ஊரில் எந்த உயரத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு வீசும் என்று சொல்ல ஆளில்லாதிருந்தால், முப்பந்தலிலும் பல்லடத்திலும் முதலீடு செய்ய ஒரு வங்கியும் கடன் கொடுத்திருக்காது.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கிளம்பி, அரபிக்கடலைக் கடந்து, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வலுவான காற்றோட்டம் இந்தியாவுக்குள் நுழைகிறது. 1960-களில் அதை ஆராய்ந்த ஜான் ஃபின்ட்லேட்டரின் பெயரால் அழைக்கப்படும் ஓட்டம் அது. மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறிக்கிறது. மலை விட்டுக்கொடுத்திருக்கும் இடங்கள் சில. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், தெற்கே ஆரல்வாய்மொழி. இந்த இடைவெளிகளில் நெருக்கிப் புகும் காற்று வேகம் கூடி உடுமலை, பல்லடம், தென்காசி, பணகுடிப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை இடைவிடாமல் அடிக்கிறது. இதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்ததுதான். ஆனால் ‘பலமாக அடிக்கும்’ என்பதை வைத்து விசிறி நட முடியாது. எண் வேண்டும்.

அந்த எண்களைத் திரட்டியவர்களில் முதலிடத்தில் வைக்க வேண்டியவர் அன்னா மாணி. 1918-ல் அன்றைய திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரில் சி.வி. ராமனிடம் வைரத்தின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. 1945-ல் லண்டன் போனவர், அங்கே கிடைத்த உதவித்தொகை வானிலைக் கருவிகளுக்கானது என்பதால் அந்தத் துறைக்குள் நுழைந்தார். 1948-ல் புனே வானிலை ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, காற்றுமானி முதல் மழைமானி வரை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவற்றை இங்கேயே செய்ய வேண்டும் என்று நின்றார். நூறு கருவிகளுக்கு அருகில் வரைபடங்களைத் தரப்படுத்தினார். தவறான அளவீட்டைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய உறுதியான கருத்து.

1957–58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அவர் அமைத்தார். அப்போது இந்தியாவில் சூரிய மின் நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. 1976-ல் ஓய்வு பெற்றார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளைத் தொகுத்து 1980-லும் 1981-லும் இரண்டு பெரிய நூல்களை வெளியிட்டார். பிறகு பெங்களூரில் இருந்தபடி காற்றாற்றல் கணக்கெடுப்பைத் தொடங்கினார்.

இந்தக் கணக்கெடுப்பின் அருமை புரிய ஒரு விவரம் போதும். வானிலை நிலையங்கள் காற்றை அளப்பது பத்து மீட்டர் உயரத்தில். பழைய நிலையங்கள் பலவும் ஊர் நடுவில் இருந்தன. சுற்றிலும் மரம் வளர்ந்தது, கட்டடம் எழுந்தது, காற்றுமானியில் பதிவான வேகம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. அந்தப் பதிவேடுகளை மட்டும் பார்ப்பவர் இந்தியாவில் காற்றே போதாது என்று முடிவு கட்டிவிடுவார். திறந்த சமவெளியில் பத்து மீட்டரிலிருந்து நூறு மீட்டருக்கு ஏறினால் வேகம் பொதுவாக 1.4 மடங்கு ஆகும். மும்மடிக் கணக்கில் ஆற்றல் இரண்டரை மடங்கைத் தாண்டும். எனவே புதிய இடங்களைத் தேடி, உயரமான கம்பங்கள் நட்டு, ஆண்டுக்கணக்கில் அளக்க வேண்டியிருந்தது. அளந்தார்கள். 1986-ல் தூத்துக்குடிக் கரையில் நாட்டின் முதல் காற்றாலைகளில் சில சுழலத் தொடங்கின.

அந்தப் பணியை இன்று தொடர்வது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம். 100 மீட்டர் உயரத்தில் இந்தியாவின் காற்று வளத்தை 302 கிகாவாட் என்றும், 150 மீட்டர் உயரத்தில் 1,163 கிகாவாட்டுக்கு மேல் என்றும் அது மதிப்பிட்டிருக்கிறது. 2011-ல் 51 சூரியக் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை நிறுவிய அந்த நிறுவனம், பின்னர் அந்த எண்ணிக்கையை நூறுக்கு மேல் உயர்த்தியது.

இடம் பார்ப்பதற்குப் பல ஆண்டுச் சராசரி போதும். நாளைய 96 துண்டுகளை எழுத அது உதவாது. அதற்கு வளிமண்டலத்தைக் கணினியில் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தமும் வெப்பமும் ஈரமும் எப்படி மாறும் என்று கணக்கிட வேண்டும். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கி, 2025 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்த ‘பாரத் முன்கணிப்பு அமைப்பு’ ஆறு கிலோமீட்டர்க் கட்டங்களில் இதைச் செய்கிறது. முன்பு அது 12 கிலோமீட்டர். கணவாய் போன்ற குறுகலான நிலத்தில் இந்த வித்தியாசம் பெரிது. கட்டம் பெரிதானால் மலையும் இடைவெளியும் ஒன்றாகக் கலந்து சராசரியாகிவிடும், கணவாய் இருப்பதே மாதிரிக்குத் தெரியாது.

கணிப்பு தவறினால் என்ன ஆகும்? காற்று எதிர்பாராமல் ஓய்ந்தால் சந்தையில் கிடைத்த விலைக்கு மின்சாரம் வாங்க வேண்டும். வாங்கக் கிடைக்காவிட்டால் எங்காவது மின்வெட்டு. எதிர்பாராமல் வலுத்தால் இன்னும் வருத்தமானது நடக்கும். அனல்மின் கொதிகலனைச் சட்டென்று தணிக்க முடியாது, அணைத்து மறுபடி ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். ஆகவே காற்றாலையை நிறுத்தச் சொல்வார்கள். தொழிலில் இருப்பவர்கள் ‘பேக் டவுன்’ என்று கசப்போடு சொல்வது இதைத்தான். கரி எரிந்துகொண்டிருக்க, இலவசமாக வந்த காற்று வீணாகிறது. நாளை இரவு காற்று பலமாக இருக்கும் என்று இன்றே தெரிந்தால் அனல் நிலையத்தை முன்கூட்டியே குறைக்கலாம். ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று நிலையத்தில் மிகுதி மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலே ஏற்றி வைக்கலாம். மாலையில் அதே தண்ணீர் மின்சாரமாகத் திரும்பும். நல்ல கணிப்பு புதிதாக ஒரு மின் நிலையம் கட்டாமலேயே மின்சாரம் தருகிறது என்று நான் சொல்வது மிகையில்லை.

சூரியன் விஷயம் வேறு மாதிரி. 2019 டிசம்பர் 26 காலை, கோவையிலிருந்து திண்டுக்கல் வழியாகக் கடந்த கங்கண கிரகணம் சூரிய வட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் மறைத்தது. எந்த நிமிடம் எவ்வளவு குறையும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததால், முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க முடிந்தது. அடுத்த அரை மணியில் கமுதி சூரிய மின் நிலையத்துக்கு மேலே வரப்போகும் மேகத்தை அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு இன்சாட் செயற்கைக்கோள்கள் மாறி மாறி எடுப்பதால் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மேகப் படம் கிடைக்கிறது. அவற்றை அடுத்தடுத்து வைத்து மேகம் நகரும் திசையைக் கணிக்கிறார்கள். வெயிலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிலிக்கான் பேனலின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும். சித்திரை நண்பகலில் பேனல் 60 டிகிரிக்குச் சுட்டால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அதே நண்பகலில்தான் ஊரெங்கும் ஏ.சி. ஓடுகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வெப்பநிலைக் கணிப்பு தேவையையும் உற்பத்தியையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஊர்க்காரர்கள் ‘காத்தாடி’ என்று சொல்லும் ஒவ்வொரு காற்றாலையின் தலையிலும் ஒரு காற்றுமானி இருக்கிறது. அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான அளவீட்டு நிலையங்கள் இரவு பகலாக இயங்குகின்றன. அந்தப் பதிவுகள் உரிமையாளர்களிடமே தங்கிவிடுகின்றன. டென்மார்க்கில் நாட்டிலுள்ள காற்றாலைகள் அனைத்தின் விவரத்தையும் அவற்றின் உற்பத்தியையும் அரசின் ஆற்றல் முகமை பொதுவில் வெளியிடுகிறது. வணிக ரகசியம் வெளியானதால் அங்கே யாரும் அழிந்துபோகவில்லை. சில மாதம் தாமதித்தாவது இங்கும் வெளியிட்டால், கல்லூரி மாணவர்கள்கூடக் கணிப்பு மாதிரிகளை உருவாக்கிச் சோதித்துப் பார்க்கலாம்.

பழைய தரவு மட்டும் இனிப் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியப் பெருங்கடல் சூடாகிறது. நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடுதான் பருவக்காற்றை இழுக்கிறது, அது குறைந்தால் காற்றும் தளரும். 2018-ல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஆய்வு, கடந்த சில பத்தாண்டுகளில் இந்தியாவின் காற்றாற்றல் வளம், குறிப்பாக மேற்கு இந்தியாவில், சரிந்து வந்திருப்பதைக் கடல் வெப்பமடைவதோடு இணைத்துக் காட்டியது. காற்றாலையின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டு. அதன் கடைசி ஆண்டில் வீசப்போகும் காற்றுக்கும் சேர்த்துத்தான் இன்று கடன் வாங்குகிறோம்.

அடுத்த சோதனை மன்னார் வளைகுடா. குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 என 1,000 மெகாவாட் கடல் காற்றாலைகளை முதன்மையாகக் கொண்ட 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கடலில் இன்னும் ஒரு விசிறியும் சுழலவில்லை. தனுஷ்கோடியில் நட்ட 100 மீட்டர்க் கோபுரத்தில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் காற்றை அளந்து பதிவு செய்திருக்கிறது. கடல் விசிறியை வடிவமைப்பவருக்குச் சராசரிக் காற்று மட்டும் தெரிந்தால் போதாது, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அதிகபட்சக் காற்றும் தெரிய வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது இதே கடலில். அப்படியொரு காற்று இனி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதைச் சில ஆண்டுகளின் அளவீட்டிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆகவே ஒரு கோபுரத்தோடு நிற்காமல், கடலுக்குள்ளேயே மிதவைக் கருவிகளை நிறுத்தி இப்போதிருந்தே அளக்கத் தொடங்க வேண்டும். விசிறி நடும் நாள் வரை காத்திருந்தால் அந்த ஆண்டுகளின் காற்றைப் பிறகு அளக்க வழியில்லை.