சூரைச் செடியின் அடியில்



2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது நாம் தவக்காலத்தில் இருந்தோம். 21 நாள் என்று சொல்லப்பட்டது மே 3 வரை 40 நாளாகி, அதன் பின்னும் தொடர்ந்தது. ஏப்ரல் 12 அன்று உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியைக்கூடத் தொலைக்காட்சியில்தான் கண்டோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த தொழிலாளர்கள் வாடகை அறைகளில் முடங்கினர். மே 1-இல் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கும்வரை அவர்கள் ஊர் திரும்ப ரயில் இல்லை. ஓர் அறையில் பலர் இருந்தும் மனத்தளவில் தனித்தே இருந்தனர். அருகில் ஆள் இல்லாதது மட்டும் தனிமை அல்ல. மனத்தில் உள்ளதைச் சொல்ல ஆள் இல்லாததும் தனிமையே. அதனால்தான் உலக நலவாழ்வு நிறுவனம் அந்த மார்ச் மாதத்திலேயே, 'சமூக இடைவெளி' என்பதைவிட 'உடல் இடைவெளி' என்று சொல்வதே சரி என்றது. விலக வேண்டியது உடல், உறவு அல்ல.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பார்ப்போம் (1 அரசர்கள் 19). தனியாகப் பாலைநிலத்திற்குள் சென்ற அவர், ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, சாக வேண்டும் என்று மன்றாடினார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை குறைந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. தொட்டு எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் உறங்கவிட்டார். இரண்டாம் முறையும் வந்தார். அந்த உணவின் வலிமையால் எலியா 40 நாள் நடந்து, ஓரேபு மலையை அடைந்தார்.

மனம் சோர்ந்தவரிடம் நாம் செய்வது என்ன? "செபம் செய், சரியாகிவிடும்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். செபம் தேவைதான். ஆனால் முதலில் தேவைப்படுவது, அருகில் அமர்ந்து கேட்கும் ஒருவர். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடவும் வேண்டாம். அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416. தமிழ், இந்தி உள்ளிட்ட பல மொழிகளில், இரவும் பகலும், கட்டணமின்றிப் பேசலாம். மனநோய் பாவமல்ல, மருந்து உட்கொள்வது நம்பிக்கைக் குறைவும் அல்ல.

ஊரடங்கு முடிந்துவிட்டது, தனிமை முடியவில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வாழும் பெரியவர் நம் தெருவில் இருக்கிறார். மொழி தெரியாத தொழிலாளி பக்கத்து அறையில் இருக்கிறார். இந்த வாரம் அவர்களில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். வானதூதரைப் போல, இரண்டாம் முறையும் போவோம்.