கருவாடு ஊறிய தண்ணீர்

வஞ்சிரக் கருவாட்டைக் குழம்பில் போடுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைப்பது வழக்கம். அரைமணி கழித்து அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய நொடியில் அதில் உப்பே இருக்காது. இன்னொரு அரைமணி போனால் மறுபடியும் கரிக்கும். இடையில் யாரும் வந்து உப்புப் போடவில்லை.

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் பாஸ்பேட் செய்வதும் ஏறத்தாழ இதைத்தான். தண்ணீர் மாற்றினேன், அளவு இறங்கியது, நாலு நாள் கழித்துப் பார்த்தால் பழையபடி நிற்கிறது, மீட்டர்தான் கெட்டுவிட்டது போல என்று புலம்பாத பவளத்தொட்டிக்காரரை நான் பார்த்ததில்லை. நானும் புலம்பியவன்தான். மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. தொட்டிக்குள் கருவாடு கிடக்கிறது. அழகுக்கென்று நாம் அடுக்கி வைத்த பாறையும் கீழே பரப்பிய மணலும்தான் அந்தக் கருவாடு.

அதில் உப்பு எப்படி ஏறியது? நம் கையால்தான். மீனுக்குப் போடும் காய்ந்த செதில் உணவில் எடைக்குச் சுமார் நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. ஒரு கிராம் போட்டால் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். அதைப் பாஸ்பேட்டாகக் கணக்கிட 3.07 ஆல் பெருக்க வேண்டும், ஆக 30 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டியில் அவ்வளவும் கரைந்தால் 0.15 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஏறும். பவளப்பாறை உள்ள திறந்த கடலில் பொதுவாக 0.02 பி.பி.எம். கூட இருக்காது. வளர்ந்து முடிந்த மீன் தின்றதில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். உறைந்த இறாலை அலசிப் போட்டால் போதும் என்பார்கள். அலசுங்கள், தப்பில்லை. ஆனால் பாஸ்பரஸ் இருப்பது சதைக்குள். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் சோற்றில் மாவுச்சத்து இருக்காது என்று நினைப்பது போலத்தான் அது.

தண்ணீரில் பாஸ்பேட் கூடும்போது பாறையின் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். குறையும்போது விட்டுக்கொடுக்கும். கருவாட்டு உவமை இந்த இடத்தில் கொஞ்சம் இடிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உப்பு சதைக்குள் ஊறிக் கிடக்கிறது. பாஸ்பேட் பாறையின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் கறை ஏறுவது மாதிரி. 0.20 இருக்கும் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் 0.18 ஆகும். அந்த 0.02 பள்ளத்தைப் பாறை சத்தமில்லாமல் நிரப்பிவிடும்.

இனி ருசி பார்க்கும் வேலை. பாஸ்பேட்டை நாக்கு காட்டாது, நிறம் காட்டும். அமிலம் கலந்த நீரில் பாஸ்பேட், மாலிப்டேட்டுடன் சேரும். அதில் வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம் பட்டால் நீலமாகும். கடல்நீருக்கு இந்த முறையை மர்ஃபி, ரைலி இருவரும் 1962-இல் செம்மைப்படுத்தினார்கள். இன்றைக்கு நம் கைக்குள் அடங்கும் மீட்டர்களும் அந்த நீலத்தைத்தான் பார்க்கின்றன. என்னிடம் இருப்பது ஹன்னா எச்.ஐ.774. குப்பியில் 10 மில்லி தொட்டி நீரை ஊற்றி, வெறும் நீரை முதலில் காட்டிப் பூஜ்யம் வைக்க வேண்டும். பிறகு ஒரு பொட்டலத் தூள். பொட்டலத்தின் மூலையில் துளி தூள் ஒட்டியிருந்தாலும் கணக்கு தப்பும் என்பதால் சுண்டிச் சுண்டிக் கொட்டுவேன். நுரை வராமல் இரண்டு நிமிடம் ஆட்டி, கண்ணாடியில் விரல் ரேகை இல்லாமல் துடைத்து, முதலில் வைத்த அதே பக்கமாக வைத்து மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். “உப்புப் பாக்க இவ்வளவு சடங்காடா?” என்று அக்கா கேட்டுவிட்டுப் போனாள்.

இவ்வளவு செய்தும் அந்த மீட்டரின் துல்லியம் 0.02 கூடவோ குறையவோதான். 0.03 என்று காட்டினால் உண்மையில் 0.01 ஆகவும் இருக்கலாம், 0.05 ஆகவும் இருக்கலாம். ஒரு எண்ணைப் பார்த்துப் பதறுவதில் பொருளில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் எடுத்து, நாலைந்து எண் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

பூஜ்யம் காட்டுகிறது, ஆனால் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. அப்படியானால்? பந்தி முடிந்தபின் அண்டா காலியாக இருக்கிறது என்பதற்காக அன்றைக்குச் சமைக்கவே இல்லை என்று சொல்வோமா? போட்டதையெல்லாம் பாசி தின்றுவிட்டது. மீட்டருக்குத் தெரிவது தண்ணீரில் மிச்சம் கரைந்திருப்பது மட்டும்.

குறைக்கும் வழிகளில் ஸ்கிம்மர், பருப்பு கொதிக்கும்போது நுரையை வழித்தெடுப்பது போல, கழிவு சிதையும் முன்பே எடுத்துவிடும். தொட்டியோடு இணைந்த தனி அறையில் கடற்பாசி வளர்த்து அவ்வப்போது கீரை போல அரிந்து எறியலாம். லாந்தனம் குளோரைடு, பாலில் எலுமிச்சை பிழிந்தாற்போல் பாஸ்பேட்டைத் திரியவைக்கும். திரிந்ததை வடிகட்டத் தெரியாதவர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. நான் நம்புவது ஜி.எஃப்.ஓ. எனப்படும் இரும்பு ஆக்சைடு துகளை. செம்மண் கரைசல் போகும்வரை கழுவி, ரியாக்டர் என்ற குடுவையில் போட்டு, லேசாகப் புரளும் அளவுக்கு நீர் ஓடவிட்டால் அது பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதிலும் அவசரப்பட்டிருக்கிறேன். 0.30 காட்டிய ஒரு வாரம், இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ரியாக்டரை நிறைத்துவிட்டேன். சில நாளில் மீட்டர் 0.03-க்கு இறங்கியது. எனக்குப் பெருமை. அடுத்த வாரம் அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருந்தன. பாஸ்பேட் மிகுந்தால் பவளத்தின் சுண்ணாம்பு எலும்பு கட்டுவது தடைப்படும் என்பது உண்மைதான். ஆனால் பவளத்துக்கும், அதற்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசிக்கும் பாஸ்பரஸ் இல்லாமல் உயிர் இல்லை. நைட்ரஜன் இருந்து பாஸ்பேட் பட்டினியானால் பவளம் எளிதில் வெளுக்கும் என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரை 2013-இல் வந்தது. அதைப் படித்திருந்தும் நான் செய்த வேலை இது.

இப்போது இரண்டு கரண்டிதான். 0.05-க்கும் 0.10-க்கும் இடையில் நின்றால் கை வைப்பதில்லை. பாறை விடவிட, துகள் பிடிக்கப்பிடிக்க, இறங்க மாதங்கள் ஆகும். துகளை எப்போது மாற்றுவது என்பதற்கு நாள் கணக்கு வேண்டாம். தொட்டி நீரை ஒரு குப்பியிலும் ரியாக்டரிலிருந்து வெளியே வரும் நீரை இன்னொரு குப்பியிலும் பிடித்து அளக்கிறேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் துகள் நிரம்பிவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கழுவ ஆரம்பிக்கிறேன்.