முதல் தோசையும் முதல் எபிசோடும்

புது சீரியல் ஆரம்பிக்கிறது என்றாலே அடியேனுக்குக் கொண்டாட்டம்தான். "முதல் வாரம் பார்த்துட்டு, எப்படி இருக்குன்னு ஒரு பக்கம் குடுங்க" என்று பத்திரிகையிலிருந்து போன் வரும். படித்தது பி.காம். ஆச்சே... நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அரை மணி நேரத்தில் தீர்ப்பு ரெடி!

என் தீர்ப்புகளின் லட்சணத்தைக் கேளுங்கள். 2002 ஏப்ரலில் 'மெட்டி ஒலி' ஆரம்பித்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். "ஒரு அப்பா, அஞ்சு பொண்ணு, ஒரே கல்யாணக் கவலை. மூணு மாசம் தாங்காது" என்றேன். 2005 வரை 811 எபிசோடுகள் ஓடியது. அடுத்த வருஷம் 'கோலங்கள்'. "இது அதுக்கும் முன்னாடியே படுத்துடும்" என்றேன். 2009 வரை 1,533 எபிசோடுகள்! விளம்பரம் போக எபிசோடுக்கு 22 நிமிஷம் என்று வைத்தாலும் 562 மணி நேரம். ராப்பகலாகத் தூங்காமல் பார்த்தால் 23 நாளுக்கு மேல் ஆகும்.

ஏன் இப்படிக் கோட்டை விட்டேன்? தூர்தர்ஷன் காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள், மொத்தம் 13 வாரம் என்று கணக்கு. கதை முதல் வாரமே நம் சட்டையைப் பிடித்தாக வேண்டும். 1999 டிசம்பரில் 'சித்தி' வந்து, தினசரித் தொடருக்கு வீட்டுக்கு வீடு நாற்காலி போட்டுக் கொடுத்த பிறகு நிலைமையே வேறு. முதல் வாரம் என்பது கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துகிற மாதிரி. 'இவர் பெரியப்பா, இவங்க சின்ன அத்தை' என்பதோடு சரி. சண்டை, பந்திக்கு அப்புறம்தான் வரும்!

எங்கள் வீட்டில் அசல் விமரிசகர் அம்மாதான். அம்மா சீரியலைப் பார்ப்பதில்லை, கேட்கிறாள். டி.வி. கூடத்தில், அம்மா அடுக்களையில்.

"ஏம்மா, மனசுக்குள்ள நினைக்கறதை எல்லாம் வாய்விட்டுப் பேசறாங்களே, தமாஷா இல்லே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடுப்படியில இருக்கறவளுக்குத் தெரிய வேணாமாடா?" என்றாள்.

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. வில்லிக்கென்று தனி மியூசிக், ஒருத்தர் பெயரை நாலு தரம் சொல்லிக் கூப்பிடுவது... இருபது வருஷமாக நான் நக்கலடித்த அத்தனையும், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவளுக்காகச் செய்த ஏற்பாடு!

அம்மாவின் மார்க் முறை சுலபம். மிக்ஸி நின்றால் 'பரவாயில்லை'. கையில் தோசைத் திருப்பியோடு வாசற்படிக்கு வந்தால் 'நல்லா இருக்கு'. மூன்றாவதாக ஒன்று உண்டு என்பதே எனக்கு 2022-ல்தான் தெரிந்தது.

அந்த வருஷம் பிப்ரவரி 7-ம் தேதி 'எதிர்நீச்சல்' ஆரம்பித்தது. 'கோலங்கள்' இயக்கிய திருச்செல்வத்தின் தொடர். படித்த பெண்களைத் தேடிப்பிடித்து மருமகள்களாக்கி, அடுப்படியில் நிறுத்தி வைக்கிற வீடு. அண்ணன் ஆதி குணசேகரனாக மாரிமுத்து. அவர் பேசப் பேச, ஈஸி சேரில் இருந்த அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் நோட்டில் பற்றுப் பக்கம் எழுதியபடியே உரக்கச் சொன்னேன்: "இந்தக் காலத்துல இப்படி ஒரு வீடா? ரொம்ப மிகை!"

டொக் என்று ஒரு சத்தம். கேஸை அணைத்துவிட்டு அம்மா கூடத்துக்கு வந்து நின்றாள்.

"மிகையா?" என்றாள். "பி.எஸ்ஸி. மேத்ஸ் முடிச்சு, பாங்க் பரீட்சை பாஸ் பண்ணி, எனக்கும்தான் ஆர்டர் வந்துச்சு. கல்யாணமாகி ஆறாம் மாசம். 'வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணாமா'ன்னு உங்க தாத்தா ஒரு வார்த்தைதான் சொன்னாரு. இவர் மாதிரி கத்தக்கூட இல்லே."

கூடமே கப்சிப். அப்பா ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முன்னைவிடக் கூட்டி வைத்தார். "உட்கார்ந்து பாரு" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ப்ளஸ் ஒன்னில் என் ட்ரையல் பாலன்ஸ் இடிக்கும்போதெல்லாம், கறிகாய் நறுக்கியபடியே எட்டிப் பார்த்து, "அந்த 450 ரூபாயை ரெண்டு தடவை ஏத்தியிருக்கே பாரு" என்பாள் அம்மா. 'அம்மாவுக்குக் கூர்மையான கண்ணு' என்றுதான் அன்று நினைத்தேன். வேலை ஆர்டர் வாங்கின கண் என்று தெரியாமல் போயிற்று. நோட்டில் 'மிகை' என்று எழுதியதை அடித்தேன். வரவுப் பக்கம் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அன்று முதல் அம்மா உட்கார்ந்துதான் பார்த்தாள். குணசேகரனைத் தினமும் திட்டித் தீர்த்தாள். 2023 செப்டம்பர் 8-ம் தேதி மாரிமுத்து மாரடைப்பில் காலமானபோது, "நல்ல மனுஷன், போயிட்டாரே" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டவளும் அவளேதான். அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். 2024 ஜூனில் தொடர் முடிந்தது.

இப்போதும் புது சீரியல் வந்தால் போன் வருகிறது. ஆனால் நோட்டோடு உட்காருவதில்லை. அம்மா கூடத்தில் இருக்கிறாள், அடுப்படியில் நான். கேட்டுத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் என் முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு, ஆப்பிரிக்கா வரைபடம் மாதிரி பிய்ந்து வந்தது. அம்மாவிடம் நீட்டி, "எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"முதல் தோசையை வச்சு எதையும் சொல்லக்கூடாதுடா. கல்லு காயட்டும்."