உப்புக்காற்று வீட்டுக்கு டிவி வாங்கும்போது

2006-இல் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியபோது யாரும் அதன் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. 14 அங்குலப் பெட்டி. கேபிள்காரர் வயரைச் செருகினார், படம் வந்தது. இன்று கடலோர உவரியிலிருந்து திசையன்விளைக்கோ நாகர்கோவிலுக்கோ டிவி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது முதுகைத்தான்.

எச்.டி.எம்.ஐ. போர்ட் எத்தனை என்று கேளுங்கள். செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று. சவுண்ட் பாருக்கு இன்னொன்று, அதில் ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதியிருக்க வேண்டும். பழைய ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை. அது சிவப்பு, வெள்ளை பின்னைத்தான் ஏற்கும். புது டிவிகள் பலவற்றில் சத்தம் வெளியே வர ஆப்டிகல் துளைதான் உண்டு. நடுவில் கன்வெர்ட்டர் மாட்டி, டிவியின் ஒலி அமைப்பை பி.சி.எம்.முக்கு மாற்ற வேண்டும். கல்யாண டிவிடி பார்க்க மஞ்சள் பின்னும் தேவை. சில டிவிகளில் மூன்று பின்னுக்கும் சேர்த்து ஒரே சின்னத் துளை. அதற்கான வயர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வெளியே வாங்கும் வயரில் முனைகள் இடம் மாறியிருந்தால், மஞ்சளில் வர வேண்டிய படம் சிவப்பில் வரும்.

வைஃபை இருக்கும்போது வயர் எதற்கு என்பவர்களும் உண்டு. நெட் நிலையாகக் கிடைக்கும் வீட்டுக்கு அது சரி.

இரண்டு போர்ட் போதும் என்று கடைக்காரர் சொல்வார். கடற்கரையில் போதாது, ஒன்று கெட்டால் மாற்றிக்கொள்ள மூன்றாவது வேண்டும். எச்.டி.எம்.ஐ. பிளக்குக்குள் 19 முனைகள், மயிரிழை இடைவெளியில். காற்றில் வரும் உப்பு அங்கே படிந்து ஈரத்தை இழுக்கும். பகலில் நன்றாகத் தெரிந்த படம் ஈரக்காற்று ஏறும் இரவில் விட்டுவிட்டு வரும். பிறகு பச்சைக் களிம்பு. போர்ட் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. அதை மட்டும் கழற்றி மாற்றுவது நுணுக்கமான வேலை. பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள், செலவு நெஞ்சை அடைக்கும்.

தங்க முலாம் வயர் போட்டால் படம் பளிச்சென்று இருக்கும் என்பதை நம்பாதீர்கள். தங்கத்தில் களிம்பு ஏறாது, அதன் பலன் அவ்வளவுதான். போர்ட் இருக்கும் பக்கம் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வரக்கூடாது. பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். பிளக்கைத் துடைப்பதென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் தொடவே கூடாது. துருவுக்கு வாரண்டி உண்டா என்பதை பில் போடும் முன்பே கேட்டு, அட்டையிலும் படித்துப் பாருங்கள்.